பாட்டு இல்லாத இடம்

ராஜவேல் பல் தேய்க்கிறான், பால் காய்ச்சுகிறான், கம்ப்யூட்டரைப் போடுகிறான். போட்டுப் போட்டுக் கீறல் விழுந்த வளைகாப்பு டிவிடியைக் காப்பி எடுக்க வேண்டும். நேற்று அப்டேட் ஆனதிலிருந்து சாஃப்ட்வேர் மறுக்கிறது. படிக்க முடியவில்லை என்ற அதே கட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. கடலூர் வெயில் டிஸ்க்கில் பட்டுச் சுவரில் வண்ணமாக நடுங்குகிறது. "விடுங்க மாமா. சிதம்பரம் ஸ்டூடியோவுலயும் ஒரிஜினல அழிச்சிட்டாங்க. அக்கா போட்டோதான் இருக்குதே," என்று மச்சினன் அருள்முருகன் ஆறிப்போன இட்லியை அவன் பக்கம் நகர்த்துகிறான். "போட்டோ பேசுமாடா?" ராஜவேல் புது வெர்ஷனை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து பழையதை ஏற்றுகிறான். செத்துப்போன மனைவி சத்யப்பிரியாவின் குரல் இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் வீடியோக்காரர் சினிமாப் பாட்டால் மூடிவிட்டார். கடைசியில் ஓர் இடத்தில் மட்டும் பாட்டைச் சேர்க்க மறந்திருக்கிறார். டிரைவ் உறுமித் திணறுகிறது. "படிக்காம உன்ன விடமாட்டேன்," என்று அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறான். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிகிறது. காப்பியை ஓட்டுகிறான். பாட்டு அறுபடுகிறது, கண்ணாடி வளையல்கள் குலுங்குகின்றன. "படம் புடிச்சது போதும்ணா, கேமராவ மூடுங்க. எங்க வீட்டுக்காரரு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."