சுவருக்குப் போன இட்லி

கொல்லைச் சுவரில் உட்கார்ந்திருந்த காகத்தை அவர் முறைத்தார்.

காகம் பதிலுக்கு முறைக்கவில்லை. அதற்கு நேரமில்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பூப்போல இட்லி. தேங்காய்ச் சட்னி. எவர்சில்வர் தட்டு.

அடுப்படி வாசலில் நின்று அவர் மனைவி ஜெபக்கனி அதை உபசரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியைக்கூட அவள் இப்படிக் கவனித்ததில்லை.

"குடுக்க வேண்டியத உங்க ஆளுகிட்ட குடுத்தாச்சு. கேட்டு வாங்கிக்கோங்க" என்றாள் அவரிடம்.

அவர் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலையில், மீசை சரியாக முளைக்காத மேனேஜர், அத்தனை பெண்களுக்கு முன்னால் அவரைப் 'பெருசு' என்று கூப்பிட்டுவிட்டான். வந்த கோபத்தில் வேலையை உதறினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீடு வந்து சேருவதற்குள் கோபம் விசுவாசமாகிவிட்டது.

பறவைக்குப் படியளக்கிறவர் எனக்கும் அளப்பார் என்றார். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி ஒருவருக்குக் காகங்கள் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்த கதையை எடுத்து, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

வாசலில் இட்லி விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறவள் ஜெபக்கனி. அவள் சண்டை போடவில்லை. சரி என்றாள்.

அன்றிலிருந்து அவர் பங்கு இட்லி நேராகச் சுவருக்குப் போனது.

அவருக்குக் கடுங்காப்பி மட்டும். தீர்க்கதரிசிக்கு அதுகூட இல்லை, ஆற்றுத் தண்ணீர்தான் என்று ஞாபகப்படுத்தினாள்.

மேனேஜர் ஆள் அனுப்பினான். திங்கட்கிழமை வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேறு ஆள்.

அவர் அசையவில்லை. வயிறுதான் அசைந்தது. அது போட்ட சத்தத்தில், சர்ச்சில் மணியடிக்கிறவர் நேரமாகிவிட்டதென்று கயிற்றைத் தேடி ஓடினார்.

காகம் கோழி அளவுக்கு வந்துவிட்டது. பறக்கும் முன் நின்று மூச்சு வாங்கியது. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரில் துடைத்துக்கொண்டது. அவர் பக்கம் ஒரு துணுக்குகூடத் தள்ளவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர் வேதத்தை மறுபடி பிரித்தார். முகம் மலர்ந்தது.

"ஏட்டி கனி, இதக் கேளு. ஆறு வத்துன பெறகு காக்கா கெடையாது. ஒரு விதவை வீட்டுக்குப் போ, அவ சோறு போடுவான்னு ஆண்டவர் அனுப்புதாரு. பொம்பள கையாலதான்னு எழுதியிருக்கு, பாத்தியா?"

ஜெபக்கனி அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"விதவைதான வேணும்? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கெடங்க. ஆயிருவேன்."

அவர் வேதத்தை மூடினார்.

திங்கட்கிழமை விடிந்தது.

சுவரில் தட்டு இல்லை.

டிபன் கேரியர் இருந்தது. அவர் ஆலைக்குக் கொண்டுபோகிறது. அவள் கொக்கியை இறுக்கியிருந்த இறுக்கில், காகம் என்ன, கழுகு வந்தாலும் திறக்காது.

காகம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தது. கொத்திப் பார்த்தது. மூடி டங்கென்றது.

தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

இத்தனை நாளில் முதல்முறை.

அடுப்படியில் ஜெபக்கனி அடுத்த ஈடு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆலைச் சங்கு ஊதியது.

அவர் எழுந்தார்.

காகம் ஓரடி நகர்ந்து இடம் விட்டது.