கூத்தடிக்கும் பள்ளிக்கூடம்

"உன் பையன் படிக்கிறது பள்ளிக்கூடமா, கள்ளுக்கடையா இருசு?"

மீன் சந்தையில் பக்கத்துக் கூடைக்காரி பச்சையம்மா இதை மெதுவாகக் கேட்டிருக்கலாம். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

வெட்டிக்கொண்டிருந்த மடவை மீனை இருசம்மாள் கீழே போட்டாள்.

"நாக்கை அடக்கிப் பேசுக்கா. என் தாமோதரன் மோரைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பான்."

"அப்படியா? நேத்து சாயங்காலம் அந்தக் கொட்டாயில போட்ட கூச்சல்ல, ஏரியில நின்ன பூநாரையெல்லாம் கெளம்பித் தடா பக்கம் போயிடுச்சே!"

ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய காலம் அது. சின்னப்பன் வாத்தியார் ஏரிக்கரையில் கொட்டகை போட்டு, குப்பத்து வாலிபர்களைத் தங்கவைத்துத் தமிழ், தெலுங்கு, ஒல்லாந்து பாஷை, கணக்கு என்று சொல்லிக் கொடுத்தார். முதல் வருஷம் ஊரே மெச்சியது. இந்த வருஷம் பேர் நாறிவிட்டது. குடி, பாட்டு, ஆட்டம். பையன்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடிப்பதைப் பார்த்ததாகச் சத்தியம் பண்ணக்கூட ஆள் இருந்தது.

"இன்னிக்குக் கப்பித்தானே பள்ளிக்கூடம் பாக்க வர்றாராம்" என்றாள் பச்சையம்மா. துறையில் நிற்கும் ஒல்லாந்துக் கப்பலின் தலைவனை அப்படித்தான் சொல்வார்கள்.

"வரட்டுமே! நாலு பேரைக் கூட்டினு நீயும் வா. என் மகன் எப்படிப் படிக்கிறான்னு உன் கண்ணால பாத்துட்டு, அப்புறம் வாயைத் தெற."

நாலு பேர் என்றாள். குப்பமே வந்தது.

வேலிக்கு வெளியிலேயே இருசம்மாள் நின்றுவிட்டாள். உள்ளே ஒருவன் குடத்தைப் போட்டு அடித்தான். ஒருவன் பனைமரத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, பொண்ணு குடு மாமா" என்று அழுதான். நடுவில் தாமோதரன், வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு கோவணத்தோடு ஆடினான். கப்பித்தான் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி.

"பாத்தியா படிப்பை?" என்றாள் பச்சையம்மா.

இருசம்மாள் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனாள். மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் காலடியில் இருந்த கள்ளுப் பானையைத் தரையில் அடிக்கத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அது தளும்பி முகத்தில் தெறித்தது. உதட்டில் ஏதோ ஒட்டியது. நக்கிப் பார்த்தாள்.

சின்ன வெங்காயம்.

கள்ளாவது ஒன்றாவது! புளித்த நீராகாரம். உப்புகூட அளவாகத்தான் போட்டிருந்தார்கள்.

இருசம்மாளுக்கு நெஞ்சு விம்மியது. 'அடியே பச்சையம்மா, வந்து குடிச்சுப் பாருடி!' என்று கத்த வாயைத் திறந்தாள். தாமோதரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கத்தாதம்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

வாத்தியார் தள்ளாடிக்கொண்டே வந்து பக்கத்தில் விழுந்தார். விழுந்தவர் தெளிவாகப் பேசினார்.

"தாயி, சதுரங்கப்பட்டினத்துல நல்லாப் படிச்ச பசங்களையெல்லாம் பொறுக்கி, கணக்கெழுதன்னு கப்பலேத்திப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. கடல் தாண்டிப் போனவன் ஒருத்தனும் திரும்பல. இப்ப நம்ம பசங்களைப் பொறுக்க வந்திருக்கான். குடிகாரனை மட்டும்தான் தொடமாட்டான். கிடங்குச் சாவியை நம்பிக் குடுக்க முடியாதே! அதான் இந்த வருஷம் பூரா இந்தக் கூத்து."

"இதை முன்னாடியே என்கிட்ட சொன்னா இன்னா?"

"உன்கிட்ட சொன்னா மீன் சந்தைக்கே சொன்ன மாதிரிம்மா" என்றான் தாமோதரன்.

அதில் பொய்யில்லை.

அதற்குள் துபாஷி நெருங்கிவிட்டார். கப்பித்தானுடையது ஒல்லாந்து மூக்கு. புளிச்ச வாடையெல்லாம் அதற்குக் கள்தான். துபாஷியின் மூக்கோ பக்கத்து மீஞ்சூர் மூக்கு; நீராகாரம் தெரிந்த மூக்கு.

"நீதான் இவனைப் பெத்தவளா? கப்பித்தான் கேக்கறாரு. உன் மகன் குடிப்பானா, மாட்டானா? உண்மையைச் சொல்லு."

கேட்டுக்கொண்டே பானையை மோந்து பார்க்கக் கையை நீட்டினார்.

யாராவது ஒருத்தர் இதை நேராகக் கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ நாளாக ஏங்கிக் கிடந்தவள் இருசம்மாள். இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள். குப்பமே காதைத் தீட்டிக்கொண்டு வேலியில் நிற்கிறது.

பானையை அப்படியே வாயில் வைத்தாள். ஒரே மூச்சு. கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை, ஒரு வெங்காயம் இல்லை. பிறகு விட்டாளே ஓர் ஏப்பம், கப்பித்தானின் தொப்பி இரண்டு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

"இவனெல்லாம் ஒரு குடிகாரனா? அரைப் பானைக்கே ஆடறான்! இந்தக் குப்பத்துலயே பெரிய குடிகாரி நான்தான்னு உங்க துரைகிட்ட சொல்லு. இவனுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்!"

கப்பித்தான் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு திரும்பினார். துபாஷி மட்டும் நகரவில்லை. வேலிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் பொம்பளை சொல்றது நெசமா?"

இருசம்மாளுக்கு உயிரே போனது. வேலியின் முன்வரிசையில் நின்றவள் பச்சையம்மா. தினமும் காலையில் பக்கத்துக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, இருசம்மாள் நீராகாரம் குடித்து ஏப்பம் விடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். எந்த ஏப்பம் எதனால் வந்தது என்று அவளுக்கா தெரியாது?

பச்சையம்மா, இருசம்மாளைப் பார்த்தாள். அவள் மகன் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளாட ஆரம்பித்தவள், கப்பித்தான் படகேறித் துபாஷியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு போகிறவரைக்கும் நிறுத்தவே இல்லை:

"நெசமாவான்னா கேக்கற? தினமும் அவளுக்கு ஊத்திக் குடுக்கறதே நான்தான்யா!"