யாரும் பேசாவிட்டால் உறங்கும்

பக்கவாதத்துக்குப் பிறகு செல்வநாயகத்தின் தலைக்குள் ஒரு சின்னக் கணினி வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் யாரும் அவரிடம் பேசாவிட்டால், பேட்டரியை மிச்சப்படுத்த அது தானாக உறக்கநிலைக்குப் போய்விடும். அதோடு அவரும் தூங்கிப்போவார்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் மனைவி மங்கையர்க்கரசிக்கு அவருடைய தொணதொணப்பு தாங்கவில்லை.

“அரசி, கேஸை மூடிட்டியா?”

“மூடிட்டேங்க.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேஸ்.

கணினி கம்பெனியின் சர்வீஸ்காரனிடம் போனில் புலம்பினாள். “செட்டிங்ஸ்ல நேரத்தைக் குறைச்சிடுங்க மேடம், பேட்டரியும் நிக்கும்” என்றான். மூன்று நிமிடமாகக் குறைத்தாள்.

அவர் இன்னும் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார்.

“கேட்டதையே எத்தனை தடவைங்க கேப்பீங்க?” என்று கத்திவிட்டாள்.

“கேஸ் மூடியிருக்குன்னு தெரியும்மா. நீ பதில் சொன்னாத்தானே நான் முழிச்சிருக்க முடியும்?”

அவள் லேப்டாப்பை மூடினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, சாயங்காலம் வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங் தொடங்கியது.

“அரசி, கேஸை மூடிட்டியா?”

திரும்பினாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.