அளக்கும் கை

"தூக்குங்க," என்றாள் மேனேஜர்.

டிரைவர் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினார். ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் ஒரு கைக்காக மல்லுக்கட்டியது.

"டாப் கியர் போட்டுட்டேன் மேடம். போதுமா, இன்னும் மிதிக்கணுமா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. கோணமானியை அவர் தோளோடு பொருத்தினாள்.

பக்கவாதம் வந்த கை எவ்வளவு உயர்கிறது என்று அந்த பிசியோதெரபி மையத்தில் மாதாமாதம் அளப்பார்கள். தொடர்ந்து மூன்று முறை அளவு ஏறவில்லையென்றால் கட்டிலைக் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டில்கள். காத்திருப்பவர்களோ ஏகப்பட்ட பேர்.

விதி அவள் போட்டதுதான். மேனேஜராக வந்த புதிதிலேயே.

கூடவே இன்னொன்றும் போட்டிருந்தாள். பயிற்சி கொடுக்கும் கை அளக்கக் கூடாது. தினமும் பிடித்துப் பழகிய கைக்கு இரக்கம் வந்துவிடும். தன்னையறியாமல் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடும். அதனால் வேறொருவர்தான் அளக்க வேண்டும்.

அந்த வேறொருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

நாளைக்குத் தள்ளலாம்தான். ஆனால் வரிசையில் அடுத்து ஒரு பெண். முழங்காலில் அறுவை சிகிச்சை. இன்னும் தாமதித்தால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று சர்ஜன் எச்சரித்திருந்தார்.

ஆகவே மேனேஜரே அளந்தாள்.

டிரைவரின் கை மேலே ஏறியது. போன மாதத்தைத் தாண்டியது. பயிற்சி கொடுக்கும் இளம் தெரபிஸ்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. எல்லா நோயாளிகளும் செய்வதுதான். ஏமாற்று அல்ல, உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் குறுக்கு வழி. அளப்பவர் உள்ளங்கையைத் தோள்மேல் வைத்து அதைத் தடுக்க வேண்டும்.

வைத்தாள். அழுத்தினாள்.

கை இறங்கியது. இறங்கி, போன மாதம் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. தொடர்ந்து மூன்றாவது முறை.

"கொஞ்சம் லூஸா பிடிங்க மேடம். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டிய எடுன்னா எப்படி?"

"இப்படித்தாங்க பிடிக்கணும்."

தெரபிஸ்ட் அவளைக் கட்டிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். குரல் கிசுகிசுத்தது.

"தோள்தான் மேடம் நின்னுடுச்சு. விரல்ல இப்பத்தான் உயிர் வருது. ஒரே ஒரு மாசம். ஸ்டியரிங் பிடிக்கணும்னு தவமா கிடக்கறார் மனுஷன்."

"எல்லாருக்கும் ஒரே ஒரு மாசம்தான் வேணும்," என்றாள் மேனேஜர். "வெளியில நிக்கறவங்களுக்கும்."

சொல்லிவிட்டு டிரைவரிடம் திரும்பினாள். எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம்தான். கட்டிலைக் காலி செய்யச் சொல்லும் அந்த வாக்கியத்தை இன்றைக்கு எப்படியோ சொல்லி முடித்தாள்.

டிரைவர் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், தூங்கிவிட்ட குழந்தையை வைப்பது போல.

"ரூல்னா ரூல்தான் மேடம். நானும் கடைசி ஸ்டாப்புல எத்தனை பேரை எழுப்பி இறக்கிவிட்டிருக்கேன்."

தெரபிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். ரிசப்ஷனிலிருந்து அடுத்த ஆளுக்குப் போன் போனது. போன இடத்தில் தயாராகவே இருந்தார்கள் போலிருக்கிறது. டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தபோது எதிரே சக்கர நாற்காலி வந்துவிட்டது.

நாற்காலியில் ஒரு காலை நீட்டியபடி கல்லூரி வயதுப் பெண். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா! நிஜமாவே இடம் கிடைச்சிடுச்சாம்மா?"

அறை முழுக்க மேனேஜர் பக்கம் திரும்பியது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த மேனேஜரின் கணவர் சட்டென்று நின்றுவிட்டார்.

வரிசையில் இருப்பது தன் மகள் என்று மேனேஜர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெரிந்தால் சலுகை காட்டிவிடுவார்கள் என்று பயந்து, எல்லோரையும் போலக் கணவரைவிட்டுப் போனில் பதியவைத்தாள். ஒரு இடம்கூட முந்தவில்லை. வீட்டில் மகள் வலியில் முனகிய ராத்திரிகளிலும் வாயைத் திறக்கவில்லை. நேர்மைக்காக மறைத்தது இப்போது நடுக்கூடத்தில் திருட்டு மாதிரி நின்றது.

விதி பழசு. வரிசை சரி. அளவும் சரி.

அளவு சரிதானா?

தோள்மேல் வைத்த உள்ளங்கை வழக்கமான அழுத்தம்தான் அழுத்தியதா? யோசித்துப் பார்த்தாள். சத்தியமாக அவளுக்கே தெரியவில்லை. வேறு யாரைக் கேட்பது?

தெரபிஸ்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர்தான் முதலில் அசைந்தார். முதுகால் கதவைத் தாங்கிப் பிடித்து, நாற்காலிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"வா பாப்பா, வா. ஜன்னலோர சீட்டு உனக்குத்தான். நல்லாக் கால நீட்டிக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் தலையசைத்து விடைபெற்றுக்கொண்டார். தெரபிஸ்டைப் பார்த்து, "வரேம்மா," என்றார்.

மேனேஜர் பக்கம் மட்டும் அவர் திரும்பவேயில்லை.