செவலை போட்ட சத்தம்

ஒரு கொட்டகையில் செவலை, மயிலை என்று இரண்டு பழைய விமானங்கள் விற்பனைக்கு நின்றன. இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின்தான். ஆனாலும் ஒரு காலத்தில் காலையில் கடற்கரையை விட்டுக் கிளம்பி, மதியத்துக்குள் மலைநாட்டில் போய் இறங்கியவை.

வாங்க வந்தவர் ஒரு ஓட்டல் முதலாளி. "எஞ்சினைக் கழற்றிட்டு மொட்டைமாடியில நிறுத்தப்போறேன். இறக்கைக்குக் கீழே நாலு மேசை போடலாம்," என்றார்.

"வாயைத் திறக்காதே. புயல் இல்லை, மழை இல்லை, சொகுசான பிழைப்பு," என்று மயிலை கிசுகிசுத்தது.

செவலைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இட்லி தின்ன வர்றவங்களுக்கு நான் குடை பிடிக்கணுமா?"

"கழற்றின எஞ்சினை வித்தாலும் காசுதான்," என்று விற்பவர் இரண்டையும் இயக்கிக் காட்டினார். மயிலை இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. செவலையோ ஆறு வருடத் தூசியை உதறிக்கொண்டு உறுமியது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையில் ஏறி இறங்கி, நேரே முன்னால் பாய்ந்தது. ஓட்டல்காரர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"எனக்கு அந்தச் சாதுவே போதும்!"

லாரியில் ஏறிய மயிலை பரிதாபத்தோடு திரும்பிப் பார்த்தது. "இனி உன்னை யார் வாங்குவாங்க? காயலான் கடைக்குத்தான் போவே."

"போனா போறேன்," என்றது செவலை. "அதுவரைக்கும் என்னைக் கேட்டு வர்றவனுக்குப் பறக்கத் தெரிஞ்சிருக்கணும்."