இடப்பக்கம் இழுக்கும் கார்

ரஞ்சித்குமார் ஆசை ஆசையாக வாங்கிய பழைய கார் இடப்பக்கமாகவே இழுத்தது. பெரம்பலூரில் அலைன்மென்ட் பார்த்தார். அரியலூரிலும் பார்த்தார். டயர்களை மாற்றி மாட்டியும் இழுப்பு நிற்கவில்லை. மெக்கானிக்குகளுக்குத் தொழிலே தெரியவில்லை என்று திட்டித் தீர்த்தார்.

கடைசியில் மனைவி மேகலா செந்துறை சாலையில் ஓட்டிப் பார்த்தாள். கார் கோடு போட்டதுபோல் நேராகப் போனது.

"உங்கிட்ட மட்டும் ஒழுங்கா போவுது" என்று முனகியபடி அவர் இடம் மாறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வந்தது. கார் சரேலென்று இடப்பக்க மண்ணில் இறங்கியது.

"பாத்தியா, இழுக்குது."

"கார் இழுக்கலைங்க. லாரியக் கண்டதும் நீங்கதான் ஒடிக்கிறீங்க. அப்படி என்ன பயம்?"

"அவனுங்க எப்படி வருவானுங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

"தெரியாம இருக்குமா" என்றாள் மேகலா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் காலை ரஞ்சித்குமார் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் ஓட்டும் சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறினார். நடுரோட்டைப் பிடித்து ஹாரனை அழுத்தினார். எதிரே வந்த கார் பதறி மண்ணில் இறங்கியது.

"பாவம், அந்த ஆளும் அலைன்மென்ட் பாக்கத்தான் போவாரு" என்று சொல்லிக்கொண்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை.