ஐம்பதாவது தடவை

ஷேனின் கால்கள் மேலே, தலை கீழே. ரத்ததான வண்டியின் நாற்காலியை நர்ஸ் மெரிடித் அப்படிச் சாய்த்திருந்தாள். ஊசியைக்கூட எடுத்துவிட்டாள்.

"பாதிப் பை நிரம்பல, அதுக்குள்ள மயக்கமாடா?" அடுத்த நாற்காலியிலிருந்து ஃபோர்மேன் ட்ரெவர் சிரித்தார். வரிசையில் நின்ற குவாரி ஆட்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது சிரிக்காதவனுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் கிடைக்காது.

"மயக்கமில்ல பாஸ். காதுல இரைச்சல் கேக்குதான்னு கேட்டாங்க. கேக்குதுன்னேன்."

"மயக்கம் வர்றதுக்கு முன்னாடி சிலருக்குக் காது இரையும். அதான் கேக்கிறோம்," என்றாள் மெரிடித். "இவருக்கு எப்பவுமே இரையுமாம். முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"இங்கேயும் ஆரம்பிச்சுட்டானா!" ட்ரெவருக்கு ஒரே கொண்டாட்டம்.

ஷேனின் சட்டைப் பையில் காது டாக்டரின் கடிதம் இரண்டு மாதமாகக் கசங்கிக் கிடக்கிறது. கல் உடைக்கும் கிரஷர் பக்கத்திலிருந்து இவனை உடனே மாற்றாவிட்டால் மிச்சமிருக்கும் செவித்திறனும் போய்விடும் என்கிறது அது. ட்ரெவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்த மகானுபாவர் இதுவரை தந்ததெல்லாம் நக்கல்தான்.

"அதே கிரஷர்ல பதினோரு வருஷம் நின்னவன்டா நான். என் காது இரையுதா? உடம்பு வளையல, அதுக்கு ஒரு வியாதி!"

நம் வீரர் ட்ரெவருக்கு இன்று ஐம்பதாவது ரத்ததானம். பேட்ஜ் குத்தப் போகிறார்கள் என்று காலையிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

"தண்ணி நிறைய குடிச்சீங்களா?" என்றாள் மெரிடித்.

"அதெல்லாம் இந்தப் பச்சப்புள்ளைங்களுக்கு. நீ குத்தும்மா. அந்த விசிறிய மட்டும் போட்டுவிடு."

ஆஸ்திரேலியாவில் ஜூலை நடுக்குளிர்காலம்; பாதர்ஸ்ட்டின் அந்தக் குளிரில் விசிறி! குவாரியில் அவர் அறையிலும் இதே கூத்துதான். கனத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அதன் சத்தம் காதில் விழாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

ஊசி ஏறியது. ஷேனைப் பற்றி இன்னும் இரண்டு கிண்டல் அடித்தார். மூன்றாவது பாதியில் நின்றுபோனது. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

மெரிடித் பாய்ந்து வந்து நாற்காலியைச் சாய்த்தாள். இப்போது ட்ரெவரின் கால்களும் மேலே. இந்தத் தடவை சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆட்கள் விழித்தார்கள்.

"ட்ரெவர், நான் பேசறது கேக்குதா? தலை சுத்துதா?"

"லேசா..."

"கண்ணு இருட்டுதா?"

"ம்."

"காதுல இரைச்சல்?"

கண்ணைத் திறக்காமலே சலித்துக்கொண்டார் ட்ரெவர்.

"அது கிரஷர்ல சேர்ந்த நாள்லேர்ந்து கேட்டுட்டேதானே இருக்கு."